கழுதைப்புலி வீட்டுக்கு ரெண்டு ஆள்

எனக்குக் கோபம் வரும். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது. எங்க அக்காவுக்குக் கோபமே வராது. எனக்கு அஞ்சு வருஷம் முன்னாடி பொறந்தவ, அவ பங்குக் கோபத்தையும் எனக்குன்னு எடுத்து வச்சிட்டா போல. அதனால இதுல வர்ற கோபம் பூரா என்னுது. கோபப்பட வேண்டியவ படல, அவளுக்கும் சேர்த்து நான் பட்டுக்கிட்டு இருக்கேன்.

அக்கா மிருகக்காட்சி சாலையில பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தா. சேர்ந்தப்போ பாதை கூட்டற வேலை. அப்புறம் தீவன அறையில மூட்டை மூட்டையா கேரட் வெட்டற வேலை. அப்புறம் மான். கடைசி பதினோரு வருஷம் கழுதைப்புலி. யாரும் கேட்டு வாங்கற வேலை இல்ல அது. சிங்கத்தைப் பார்த்துக்கறவருக்கு மரியாதை கிடைக்கும், யானையைப் பார்த்துக்கறவரோட நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. கழுதைப்புலிக்காரிக்கு நாத்தம்தான் மிச்சம். கல்யாணம் பண்ணிக்கிட்ட மனுஷன் ஒன்றரை வருஷம் அந்த நாத்தத்தைப் பத்தியே பேசினார். ஒரு நாள், "நானா, அந்த மூணு ஜந்துவா, முடிவு பண்ணிக்கோ"ன்னார். அக்கா அப்பவும் சண்டை போடல. ரெண்டு பை துணியோட என் வீட்டுக்கு வந்துட்டா. "அவருக்குச் சமைக்கத் தெரியும், அதுங்களுக்குத் தெரியாதுல்ல"ன்னா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

நான் டைப்பிங் கடை வச்சிருக்கேன். அரசாங்க ஆபீஸ் வாசல்ல, மூணாவது ஆள் வந்தா ரோட்டுல நிக்கணும், அவ்வளவு பெரிய கடை. மனு, புகார், விளக்கக் கடிதம், மன்னிப்புக் கடிதம் எல்லாம் அடிச்சுத் தருவேன். ஊர்ல வாயால சொல்லத் தெரியாதவங்களுக்கெல்லாம் வாய் நான்தான். என் வீட்லயே ஒருத்தி வாயைத் திறக்க மாட்டேங்கறாளேன்னு எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டு இருப்பேன்னு கணக்கே இல்ல.

அவ வேலை என்னன்னு சொல்லிடறேன், இல்லன்னா நடந்தது புரியாது. கழுதைப்புலி வீட்ல உள்ள மூணு அறை, வெளியில பாறையும் புல்லும் போட்ட முற்றம். நடுவுல ஒரு இரும்புக் கதவு, மேல தூக்கினா திறக்கும், இறக்கினா மூடும். காலையில மிருகங்களை முற்றத்துக்கு அனுப்பிட்டு, கதவை இறக்கிட்டு, அறைக்குள்ள போய்க் கழுவணும். கதவை இறக்கற கைப்பிடி வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கு. முற்றம் தெரியற ஜன்னல் முன்பக்கம். கைப்பிடிகிட்ட நின்னா சுவர்தான் தெரியும். அதனால அந்த வேலைக்கு எப்பவும் ரெண்டு ஆள். கைப்பிடியில நிக்கறவர் "எத்தனை?"ன்னு கத்துவார். ஜன்னல்ல நிக்கறவர் எண்ணிட்டு "மூணும் வெளியே"ன்னு கத்துவார். அந்தச் சத்தம் அடங்கறதுக்குள்ள கதவு கீழ வந்துடணும். அப்புறம் கதவுப் பதிவேடுன்னு ஒரு நோட்டு, அதுல ரெண்டு கட்டம். ஒண்ணு கதவை மூடியவர் கையெழுத்து, இன்னொண்ணு எண்ணியவர் கையெழுத்து.

மூணு வருஷம் முன்னாடி அந்த எண்ணறவரை எடுத்துட்டாங்க. ஆள் குறைப்பாம். சூப்பர்வைசர் ஒருத்தர் இருக்கார், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, சிரிச்ச முகம், எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்மா". அவர்தான் லிஸ்ட் போட்டார். அக்கா அவர்கிட்ட மூணு தடவை போனா. "உனக்கு அனுபவம் இருக்கு, சமாளிச்சுக்குவே"ன்னார். அப்ப எண்ணியவர் கட்டத்துல யார் கையெழுத்து போடறதுன்னு கேட்டா. "காலியா விடாதே, தணிக்கையில கேள்வி வரும். நீயே போட்டுடு"ன்னுட்டார்.

இவளும் போட்டா. மூணு வருஷம், தினம் ரெண்டு வேளை, ரெண்டு கையெழுத்து. ஜன்னல்ல நின்னு எண்ணுவா. அப்புறம் வீட்டைச் சுத்தி நாற்பத்திரண்டு எட்டு நடந்து கைப்பிடிக்கு வருவா. வந்து "எத்தனை?"ன்னு கத்துவா. அவளே "மூணும் வெளியே"ன்னு பதிலும் கத்துவா. கேட்டவங்க சிரிச்சாங்க. அங்க அவளுக்கு எதிரொலின்னே பேர் வச்சுட்டாங்க. அதையும் வீட்ல வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னா.

அந்த நாற்பத்திரண்டு எட்டுலதான் எல்லாம் போச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணினப்போ மூணும் வெளியே இருந்துச்சு. இவ சுத்தி வர்றதுக்குள்ள இளையது திரும்ப உள்ள வந்துடுச்சு. தாய் ஒதுக்கினதுனால அக்கா புட்டியில பால் கொடுத்து வளர்த்த குட்டி அது. இவ கதவை இறக்கினா, தண்ணிக் குழாயை எடுத்துக்கிட்டு அறையைத் திறந்தா, மூலையில அது நிக்குது. பின்னாடியே நகர்ந்து வந்தா. ஆனா கதவைச் சாத்தறதுக்குள்ள அது அவ இடுப்பை உரசிக்கிட்டு வெளியில போயிடுச்சு. கடிக்கல, வேற யாரையும் தொடவும் இல்ல. ஜனங்க அலறினாங்க, போன்ல படம் பிடிச்சாங்க, மிருக டாக்டர் வந்து மயக்க ஊசி போட்டார். தீவன அறை வாசல்ல படுத்தது, எழுந்திருக்கல.

படம் ஊர் பூரா சுத்துச்சு. அப்ப யாராவது ஒருத்தர் தலையில கட்டணும்ல. அக்காவை வேலையில இருந்து நிறுத்தி வச்சு குற்றச்சாட்டுக் கடிதம் கொடுத்தாங்க. ஒண்ணு, கவனக்குறைவு. இன்னொண்ணு, பதிவேட்டுல இல்லாத ஆளுக்குப் பொய்க் கையெழுத்து. பதினஞ்சாவது நாள் விசாரணை. கூடவே தனியா ஒரு தாள், இவ கையெழுத்து போட்டா மட்டும் போதும்னு அடிச்சே கொடுத்திருந்தாங்க. "நடந்ததற்கு என் கவனக்குறைவே காரணம், வேறு யாருக்கும் இதில் பொறுப்பில்லை." போட்டா டிக்கெட் கவுன்டருக்கு மாத்திடுவாங்க, ஓய்வு வயசு வரைக்கும் வேலை இருக்கும். போடலன்னா வீட்டுக்கு.

"போடாதே. நீ சொல்லு, நான் பதில் அடிக்கறேன். அவங்க மூக்கை உடைக்கற மாதிரி அடிக்கறேன்"னேன். "பார்க்கலாம்"னா. திரும்பத் திரும்ப ஒண்ணு மட்டும் கேட்டா. "மீதி ரெண்டும் இருக்கே, இப்ப அங்க யாருடி எண்ணறா?" விசாரிச்சேன். தற்காலிகமா ஒரு ஆளைப் போட்டிருந்தாங்க. ஒரே ஒரு ஆள். அதைச் சொன்னதும் சுவரைப் பார்த்து உக்காந்தவதான். ரெண்டு நாள் அப்படியே உக்காந்திருந்தா.

எங்க தெருவுல கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் ஒருத்தர் இருக்கார், கடையில என் மெஷின் மக்கர் பண்ணினா அவர்தான் வருவார். அவர்கிட்ட, "வீட்ல ஒருத்தி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கா, மனசு மாறற மாதிரி வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஏதாவது ஒரு விளையாட்டு போட்டுக் கொடுங்க"ன்னேன். சீட்டு, பலூன் வெடிக்கறது, அந்த மாதிரி போடுவார்னு நினைச்சேன். அந்தப் புண்ணியவான் என்ன போட்டார் தெரியுமா? மிருகக்காட்சி சாலை கட்டற விளையாட்டு. "அக்கா அந்த வேலைதானே, ஈசியா இருக்கும்"னார். புத்தி இருக்கா உங்களுக்குன்னு நான் கேட்டதுல அவர் ரெண்டு வாரம் எங்க வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கல.

விளையாட்டு இதுதான். ஒரு காலி நிலம் கொடுப்பாங்க, கொஞ்சம் பணம் கொடுப்பாங்க. வேலி போடணும், பாறை வைக்கணும், மிருகம் வாங்கி விடணும், ஆள் வைக்கணும். ஜனங்க டிக்கெட் வாங்கிட்டு வருவாங்க. அவங்க தலைக்கு மேல சின்னதா ஒரு மேகம் மாதிரி வந்து மனசுல என்ன இருக்குன்னு காட்டும். சந்தோஷமா இருந்தா நட்சத்திரம் ஏறும், பணம் ஏறும். இல்லன்னா சிவப்புக் கட்டம் ஒண்ணு வந்து, உங்க இடம் மூடப்பட்டதுன்னு சொல்லிடும். எல்லாம் இங்கிலீஷ்ல. நான் படிச்சுச் சொல்லணும்.

அக்கா மவுஸைப் பிடிச்சது எலியைப் பிடிக்கற மாதிரிதான் இருந்துச்சு. ஆனா முதல் நாள் சாயங்காலமே என்னைக் கூப்பிட்டா. "இவன் என்னடி பண்றான்?" திரையில ஒரு பச்சைச் சட்டைக்காரன், பராமரிக்கறவன், கையில துடைப்பத்தோட வேலிக் கதவைத் திறந்துக்கிட்டு நேரா சிங்கம் பக்கத்துல போய்க் கூட்டிக்கிட்டு இருந்தான். சிங்கம் கொட்டாவி விட்டுச்சு. "எண்ணவே இல்லையே. உள்ள அனுப்பவே இல்லையே"ன்னா. அது விளையாட்டு அக்கா, அதுல சிங்கம் கடிக்காதுன்னேன். "அது கடிக்காதுன்னு இவனுக்கு யார் சொன்னா?"ன்னு கேட்டா.

அன்னியில இருந்து ஆரம்பிச்சது. நான் காலையில கடைக்குக் கிளம்பும்போது உக்காருவா, சாயங்காலம் வரும்போதும் அதே இடத்துல இருப்பா. நாலு நாள் ஒரு மிருகம்கூட வாங்கல. வீடு கட்டினா. அந்த விளையாட்டுல வேலியும் ஒரு கதவும் போதும், ஆனா இவ ஒவ்வொண்ணுக்கும் உள் அறை, வெளி முற்றம், நடுவுல கதவு, பின்னாடி நடைபாதை, ஒரு கதவுக்கு அப்புறம் இன்னொரு கதவுன்னு சுவர் சுவரா எழுப்பினா. மிருகம் ஒளிஞ்சு தூங்கறதுக்குப் புதர் வச்சா. ஜனங்க வந்தாங்க. தலைக்கு மேல "மிருகம் தெரியவில்லை"ன்னு வந்துச்சு. படிச்சுச் சொன்னேன். "தெரிய வேண்டாம், அது ராத்திரி பூரா முழிச்சிருந்திருக்கு"ன்னா.

எல்லாத்தையும் விட, ஆள். அதுல ஒரு வீட்டுக்கு ஒரு ஆளே ஜாஸ்தி, ஒருத்தன் நாலு வீட்டைப் பார்ப்பான். இவ வீட்டுக்கு ரெண்டு பேரை வச்சா. முயல் கூண்டுக்குக்கூட. சம்பளம் கட்ட முடியாம விளையாட்டுக் கணக்குல மூணாவது வருஷத்துல சிவப்புக் கட்டம் வந்துச்சு. மறுபடியும் காலி நிலத்துல இருந்து ஆரம்பிச்சா. மறுபடியும் ரெண்டு பேர், மறுபடியும் சிவப்பு. ஏழு தடவை மூடினாங்க. "ஒரு ஆளை எடுத்துடேன், அது பொம்மைதானே"ன்னு கத்தினேன். கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருந்தா.

விசாரணைக்கு நாலு நாள்தான் பாக்கி. பதில் ஒரு வரி எழுதல. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்ல. ஊரான் வீட்டு வாய்க்கால் சண்டைக்கெல்லாம் பக்கம் பக்கமா அடிச்சுத் தர்றேன், கூடப் பொறந்தவளுக்கு அடிக்க ஒரு சொல் கிடைக்கல. "இந்தக் கதவை முடிச்சுட்டு வர்றேன்டி"ம்பா. எந்தக் கதவு? இல்லாத கதவு. நிஜத்துல பறிபோகற வேலைக்கு ஒரு வார்த்தை பேச மாட்டா, திரையில பொம்மைக்குச் சட்டம் பேசுவா. "உனக்கு ரோஷமே கிடையாதா"ன்னு கேட்டேன். அதைவிட மோசமாவும் கேட்டேன். அந்தக் குட்டி செத்ததுக்கு நீ அழக்கூட இல்லையேன்னும் கேட்டுட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. அவ மவுஸை விட்டுட்டு எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்து மறுபடி உக்காந்தா, அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை அக்கா காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தா. எட்டாவது பூங்கா திரையில திறந்தபடியே இருந்துச்சு. பணம் அடி மட்டத்துக்கு வந்துடுச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல சிவப்புக் கட்டம் வந்துடும். பார்த்ததும் எனக்கு ஏறிடுச்சு. இருடி, எப்படி நடத்தணும்னு நான் காட்டறேன்னு உக்காந்தேன். பணியாளர் பட்டியல்னு ஒரு பக்கம் இருந்துச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரா ரெண்டு பேர், பேருக்குப் பக்கத்துல ஒரு சின்ன டிக். ரெண்டாவது ஆள் டிக்கை எல்லாம் வரிசையா எடுத்தேன். பதினாலு பேர். ஒரு நிமிஷம்கூட ஆகல. அப்புறம் புதரைப் பிடுங்கினேன், சுவரை இடிச்சுக் கண்ணாடி வச்சேன், கழுதைப்புலி வீட்டு முன்னாடி ஐஸ்கிரீம் கடை போட்டேன்.

அடேயப்பா, என்ன ஒரு மாற்றம். பணம் ஏறுச்சு, ஜனம் குவிஞ்சது, தலைக்கு மேல இதயமா பறந்துச்சு. நாலு நட்சத்திரம். கை தட்டற சத்தம் வேற. எனக்குப் பெருமை தாங்கல. அக்கா உள்ள வந்ததும், "வா, வந்து பாரு. எட்டு தடவை முயற்சி பண்ணியே, அரை மணி நேரத்துல நான் நிமிர்த்திட்டேன்"னேன்.

அக்கா பையைக் கீழ வச்சுட்டுப் பக்கத்துல உக்காந்தா. கழுதைப்புலி வீட்டைப் பெருசாக்கினா. ஒரே ஒரு பச்சைச் சட்டைக்காரன் முன்பக்கம் இருந்து பின்பக்கத்துக்கு நடந்துக்கிட்டு இருந்தான். அவன் பின்னாடியே கர்சரைக் கொண்டு போனா. ரெண்டு சுத்து சுத்திட்டு என்னைப் பார்த்தா.

"இன்னொருத்தரை எடுக்கும்போது என்ன யோசிச்சே?"

"யோசிக்க என்ன இருக்கு? டிக்கை எடுத்தா போச்சு."

"அவரும் அப்படித்தான் பண்ணியிருப்பார்"னா.

எனக்கு மண்டைக்குள்ள நெருப்பு வச்ச மாதிரி ஆச்சு. "யாரை யாரோட சேர்க்கறே? அந்த ஆளும் நானும் ஒண்ணா? இது விளையாட்டு, இவங்க பொம்மை"ன்னு குதிச்சேன். பக்கத்து வீட்ல கதவைத் திறந்து பார்த்திருப்பாங்க, அவ்வளவு சத்தம். அக்கா சத்தம் ஏத்தல. "அவருக்கு அது ஒரு தாள்டி. தாள்ல பேரு. அவருக்கு என்னைத் தெரியாது, அந்த ஜன்னலைத் தெரியாது, நாற்பத்திரண்டு எட்டு தெரியாது. உனக்கு எல்லாம் தெரியும். நான் தினம் சொல்லியிருக்கேன். தெரிஞ்சும் அரை மணியில எடுத்துட்டே, சந்தோஷமா வேற எடுத்துட்டே."

வாயில்லாதவங்களுக்கு வாய்னு பெருமை பேசினேனே, அந்த வாய் அடைஞ்சு போச்சு. மூணு வருஷமா அந்த இஸ்திரிச் சட்டையைத் திட்டி என் நாக்கு தேஞ்சிருக்கு. பதினாலு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டு நானும் அதே மாதிரி சிரிச்ச முகத்தோடதான் உக்காந்திருந்தேன். வெக்கமா இருந்துச்சு. வெக்கம் வந்தா எனக்கு அதுவும் கோபமாத்தான் வரும், ஆனா அன்னிக்கு அந்தக் கோபத்தை யார் மேல காட்டறதுன்னு தெரியல.

"உன் மேல தப்பில்ல"ன்னா அக்கா. "நானும் அப்படித்தான். அவர் எடுத்தார், சரி. ஒரு ஆளா அந்தக் கதவைத் தொட மாட்டேன்னு நான் சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. மூணு வருஷம் எனக்கு நானே பதில் சொல்லி, ரெண்டு பேர் இருக்கற மாதிரி நோட்டை நிரப்பினேன். நோட்டைப் பார்த்தா எல்லாம் சரியா இருக்கும். சரியா இருந்தா யார் ஆள் போடுவா? என் கையெழுத்துதான் அந்த இடத்துக்கு ஆள் வராம பண்ணுச்சு. பத்து நாளா இதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். எத்தனை விதமா கட்டினாலும் ஒரு ஆள் போதாதுடி." கொஞ்ச நேரம் கழிச்சு, "தாளை எடு, சொல்றேன்"னா.

சொன்னா, நான் அடிச்சேன். பழக்க தோஷத்துல நடுநடுவுல "மனிதாபிமானமற்ற", "சர்வாதிகாரப் போக்கு"ன்னு ரெண்டு சேர்த்தேன். படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "அதெல்லாம் எடு"ன்னா. எடுத்தேன். கடைசியில அரைப் பக்கம்தான் நின்னுச்சு.

"கழுதைப்புலி வீட்டுக் கதவை மூட இரண்டு பேர் வேண்டும். மூன்று வருடமாக நான் ஒருத்தியே மூடினேன். ஒருத்தியாக மூடக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூடினேன், அது என் தப்பு. அப்படி மூடச் சொன்னது சூப்பர்வைசர். எண்ணியவர் கட்டத்தில் இருப்பது என் கையெழுத்து. எண்ணியவர் என்று யாரும் இல்லை. இப்போதும் அங்கே எண்ண யாரும் இல்லை. இன்றைக்கே ஒரு ஆளைப் போடுங்கள்."

கீழ ரெண்டு கட்டம் போடச் சொன்னா. எதுக்குன்னு கேட்டேன். போடு, சொல்றேன்னா.

விசாரணைக்குத் துணைக்கு நானும் போனேன். நீ வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் கூட்டிட்டுப் போனா. நீள மேஜை, தண்ணி பாட்டில், மின்விசிறிச் சத்தம். விசாரணை அதிகாரி ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பக்கத்துல சூப்பர்வைசர். அவர் முன்னாடி அந்த அடிச்ச தாள், மேல ஒரு பேனா தயாரா வச்சிருந்தார். கல்யாணப் பதிவுக்கு வந்த மாதிரி அவர் முகம்.

அந்த அம்மா அக்காவோட அரைப் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. "உன் தப்பை நீயே ஒத்துக்கறியேம்மா. அப்புறம் அந்தத் தாள்ல போடறதுல என்ன கஷ்டம்?"

"அதுல வேறு யாருக்கும் பொறுப்பில்லைன்னு இருக்கு மேடம். அப்படிப் போட்டா அங்க இன்னொரு ஆள் வரவே மாட்டாங்க."

சூப்பர்வைசர் குனிஞ்சு மெதுவா பேசினார். "டிக்கெட் கவுன்டர்ல நாற்காலி இருக்கும்மா, ஃபேன் இருக்கு, நாத்தம் கிடையாது. இந்த வயசுல உனக்கு எதுக்கு வீம்பு? நான் உனக்காக எவ்வளவு பேசியிருக்கேன் தெரியுமா?" நான் மேஜைக்கு அடியில என் கையையே கிள்ளிக்கிட்டேன். கிள்ளின இடம் ஒரு வாரம் கன்னிப்போய் இருந்துச்சு.

அக்கா பேனாவை எடுத்தா. அவர் முகம் மலர்ந்துச்சு. ஆனா இவ எடுத்தது தன்னோட அரைப் பக்கத்தை. முதல் கட்டத்துல கையெழுத்து போட்டா. தாளைத் திருப்பி அவர் பக்கமாத் தள்ளினா, பேனாவையும் மேல வச்சா.

"ரெண்டாவது கட்டம் உங்களுக்கு சார்."

"எனக்கு எதுக்கு?"

"மூணு வருஷமா ரெண்டு பேர் கையெழுத்தையும் நானே போட்டேன். இதுல மட்டும் என்னால முடியாது."

அவர் சிரிச்சார். சிரிப்பு நடுவுலயே நின்னுடுச்சு, ஏன்னா அந்த அம்மா சிரிக்கல, கண்ணாடியை இறக்கி மாட்டிக்கிட்டு அவரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அவர் தாளைத் தொடல. தண்ணி குடிச்சார். கொஞ்ச நேரம் கழிச்சு அந்த அம்மா அரைப் பக்கத்தை அப்படியே, ஒரு கையெழுத்தோட, ஃபைல்ல வச்சுக்கிட்டாங்க.

மூணு வாரத்துல உத்தரவு வந்துச்சு. பணி நீக்கம். பொய்க் கையெழுத்துன்னு காரணம். அந்த அம்மா என்ன எழுதினாங்களோ, மேல யார் என்ன பண்ணினாங்களோ, அதுல ஒண்ணும் இல்ல. சூப்பர்வைசர் அதே நாற்காலியில இருக்கார். பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தாள், அதுலயும் அக்கா பேர்ல எழுத்துப்பிழை. அந்த நாள் நான் கடையைத் திறக்கல. திறந்திருந்தா வர்றவங்களைக் கடிச்சிருப்பேன். அக்கா உத்தரவை மடிச்சு அலமாரியில வச்சுட்டு, பக்கத்துத் தெரு பள்ளிக்கூடத்துல கூட்டறதுக்கு ஆள் கேட்டாங்களாமேன்னு விசாரிக்கப் போயிட்டா.

அதுக்கு அடுத்த மாசம் என் கடைக்கு ஒருத்தர் வந்தார். வேலையில சேர்றதுக்கான விவரத் தாள் அடிக்கணும்னார். எங்க வேலைன்னு கேட்டேன். மிருகக்காட்சி சாலைன்னார். எந்தப் பிரிவுன்னு கேட்டேன். "கழுதைப்புலிங்க. நாத்தம் தாங்கலன்னு யாரும் வரலையாம், அதான் எனக்குக் கிடைச்சது."

என் விரல் கீபோர்டுலயே நின்னுடுச்சு. "தனியாவா?"ன்னு கேட்டேன்.

"இல்லைங்க, ரெண்டு பேர். இன்னொருத்தர் நேத்தே சேர்ந்துட்டார். புது விதியாம், இனிமே ஒருத்தரா உள்ள போகவே கூடாதாம்."

அந்தத் தாளைக் கிழிச்சு அவர் மூஞ்சியில எறியணும்னு வந்துச்சு. அது எங்க அக்கா கேட்ட ஆள்யா, அவளுக்கு மூணு வருஷம் இல்லைன்னு சொன்ன ஆள்யா நீங்கன்னு கத்தணும்னு வந்துச்சு. அந்த மனுஷனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. பல்லைக் கடிச்சுக்கிட்டு அடிச்சேன். நாலு இடத்துல தப்பு விட்டேன், திருத்தி மறுபடி அடிச்சேன். தாளை மறுநாள் வந்து வாங்கிக்கச் சொல்லிட்டு, கடையைப் பாதியிலயே சாத்திட்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்கா கம்ப்யூட்டர் முன்னாடிதான் இருந்தா. பன்னிரண்டாவதோ பதிமூணாவதோ பூங்கா. நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு, கோபத்துல வந்த அழுகை. அக்கா மவுஸை விட்டுட்டுத் திரும்பினா.

"ரெண்டு பேரா? நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன். ரெண்டு பேர். உன்னை வெளிய தள்ளிட்டு ரெண்டு பேர்."

அக்காவுக்குக் கண்ணு நிறைஞ்சு நின்னுச்சு, அப்படி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. இப்பவாவது ரெண்டு வார்த்தை திட்டுவா, அந்த ஆளைச் சபிப்பான்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

"அந்த ஆள் மறுபடி உன் கடைக்கு வருவாரா?"ன்னு கேட்டா.

"நாளைக்குத் தாள் வாங்க வருவார். ஏன்?"

"ஜன்னல்ல நிக்கறவரை நல்லா சத்தமாக் கத்தச் சொல்லு. காத்து எதிர்ல அடிச்சா கைப்பிடிப் பக்கம் காது கேக்காது."

மறுநாள் அவர் வந்தார். நான் சொன்னேன்.